குடிநோயும் மருந்தறையும்

எங்கள் இல்லத்தில் காலை ஆறரை மணிக்கு ஒரு சிறு சாளரம் திறக்கும். அதற்கு முன்பே தாழ்வாரத்தில் பதினைந்து இருபது பேர் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் எவர்சில்வர் தம்ளர். அதில் பாதியளவு தண்ணீர். நேற்றோ முந்தாநாளோ வந்து சேர்ந்தவர் யார் என்று அறிய முகத்தைப் பார்க்க வேண்டுவதில்லை. தம்ளரைப் பார்த்தாலே போதும். நீர் ததும்பிக்கொண்டே இருக்கும். சிலர் இரு கைகளாலும் இறுகப் பற்றியிருப்பார்கள். அப்படியும் சட்டையின் முன்புறம் நனைந்திருக்கும். பத்து நாள் ஆனவர்களின் தம்ளரில் நீர் அசைவதில்லை.

சாளரத்தின் இந்தப் பக்கம் நிற்பவன் நான். குடிநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் ஒன்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். இத்தகைய இல்லங்களைப் பற்றிப் பேசுவோர் மருத்துவரைப் பற்றிப் பேசுவார்கள்; உளவியல் ஆலோசகரைப் பற்றிப் பேசுவார்கள்; குடியை விட்டு மீண்டவர்கள் கூடி அமர்ந்து மனம் திறக்கும் கூட்டங்களைப் பற்றியும் பேசுவார்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் இப்பணிக்கு வந்த புதிதில் அப்படித்தான் எண்ணினேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நெடுநாள் குடித்தவர் ஒருவர் குடியை நிறுத்தினால் அவருக்கு உடனே நலம் உண்டாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அறையில் அடைத்துப் பூட்டி நான்கு நாள் வைத்தால் தெளிந்துவிடுவான் என்று சொல்லும் பெரியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இந்த நம்பிக்கையால் உயிர்கள் போயிருக்கின்றன. மூளையை ஒரு தராசு என்று கொள்ளுங்கள். மது நாள்தோறும் ஒரு தட்டை அழுத்தி மூளையின் கிளர்ச்சியை அடக்குகிறது. மூளை வாளா இருப்பதில்லை. மறு தட்டில் தன் பங்கிற்கு எடையை ஏற்றிக்கொண்டே போய்ச் சமன் செய்துகொள்கிறது. பல ஆண்டுகள் இப்படி நடந்த பின் ஒரு நாள் மதுவைத் திடீரென எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மறு தட்டு தடாலென்று தரையில் மோதும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வேறு சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆட்களோடு பேசுவார்கள், காய்ச்சல் ஏறும். இந்நிலைக்கு நடுக்கப் பிதற்றல் என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரைத் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1813-ஆம் ஆண்டிலேயே கொடுத்தார். சிகிச்சையின்றி விட்டால் இது கொல்லக்கூடியது.

இவையெல்லாம் மதுவை நிறுத்துவதால் வருகின்றனவா, அல்லது உண்ணாமல் உடல் நலிந்ததால் வருகின்றனவா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்க்க 1955-இல் அமெரிக்காவில் லெக்சிங்டன் நகரத்து அரசு மருத்துவமனையில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் துணைவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பு மார்பினுக்கு அடிமைப்பட்டிருந்த பத்துக் கைதிகளுக்கு நல்ல உணவும் உயிர்ச்சத்தும் கொடுத்துக்கொண்டே மதுவை நாள் முழுதும் ஊட்டினார்கள். நால்வர் இடையிலேயே நின்றுவிட்டனர். 48 முதல் 87 நாள் வரை குடித்த ஆறு பேரில், நிறுத்தியபின் இருவருக்கு வலிப்பு வந்தது. மூவருக்குச் சித்தம் கலங்கியது. வயிறு நிறைந்திருந்தவர்களுக்கே இந்த நிலை. ஆகவே நிறுத்தியதே காரணம் என்பது உறுதியாயிற்று. அறிவுலகத்திற்கு இது பெரும் பயன் தந்தது உண்மை. ஆயின் இன்று அப்படி ஒரு சோதனையை எந்த நாட்டு மருத்துவக் கழகமும் ஒப்பாது. அவர்கள் இசைந்துதான் வந்தார்கள் என்பர். சிறையில் இருப்பவனின் இசைவு எத்தகைய இசைவு? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் என் கதையிலும் இது வரப்போகிறது.

ஒருவர் இல்லத்தில் சேரும் நாளில் எனக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அவர் எவ்வளவு குடித்தார் என்று கணக்கிடுவது. கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெட்கப்படுகிறவன் பாதியாகச் சொல்வான், வீராப்புக்காரன் இரு மடங்காகச் சொல்வான். மனைவியை அப்பால் அனுப்பிவிட்டுக் கேட்டால் கணக்குச் சற்று நேராகும். கணிதம் பயிலும் மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம்: நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி வகைகளில் நூற்றுக்கு 42.8 பங்கு மதுச்சத்து. குவார்ட்டர் எனப்படும் 180 மில்லிலிட்டர்க் குப்பியில் அது ஏறத்தாழ 77 மில்லிலிட்டர். எடையில் 61 கிராம். நாளொன்றுக்கு மூன்று குப்பி குடிப்பவர் 180 கிராமுக்கு மேல் தூய மதுச்சத்தை உடலுக்குள் விடுகிறார். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால்தான் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் அளவாக எழுத முடியும். குறைத்து எழுதினால் வலிப்பு. கூட்டி எழுதினால் மூச்சு அடங்கிப்போகும் அச்சம்.

மற்றொரு வேலை, அவர் கொண்டுவந்த பையைப் பார்ப்பது. சோதனை போடுவதற்காக அன்று. அவர் இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று அறிவதற்காக. வேட்டி, துண்டு, சீப்பு இவற்றின் அடியில் ஒரு பழைய பாலித்தீன் உறை இருக்கும். அதற்குள் சர்க்கரை நோய் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, யாரோ கொடுத்த வலி மாத்திரை, பெயர் தேய்ந்துபோன தூக்க மாத்திரை எல்லாம் கலந்து கிடக்கும். ஒருவருடைய பத்தாண்டு வாழ்க்கை வரலாறு அந்த உறையில் இருக்கிறது என்றே நான் சொல்வேன். மதுவோடு தூக்க மாத்திரையும் வழக்கமாகச் சாப்பிட்டவர் என்றால் அவருக்கு நிறுத்தும் துன்பம் இரட்டிப்பு. இதை அவர் வாயால் சொல்ல மாட்டார், உறை சொல்லிவிடும்.

இனி அந்தத் தணிக்கும் மருந்தைப் பற்றிச் சொல்லுகிறேன். குளோர்டயசெப்பாக்சைடு என்பது அதன் நீண்ட பெயர். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலறிஞர் 1950-களில் இதை ஆக்கிவிட்டு, பயனற்றது என்று ஒதுக்கி வைத்திருந்தார். 1957-இல் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்தபோது அந்தப் பழைய குப்பி அகப்பட, எறிவதற்கு முன் ஒரு முறை சோதிப்போமே என்று அனுப்பினார்கள். 1960-இல் அது உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. 1969-இல் 537 குடிநோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஒப்பாய்வில், வலிப்பையும் சித்தக் கலக்கத்தையும் தடுப்பதில் இதுவே மற்ற மருந்துகளிலும் மேம்பட்டு நின்றது. மது அழுத்திய அதே தட்டை இம்மருந்தும் அழுத்துகிறது. பிறகு நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஏழு முதல் பத்து நாட்களில் மெல்லக் கையை எடுத்துவிடுகிறோம். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் இது உடலில் தங்கிவிடும். அப்போது லொரசெப்பாம் என்ற வேறொன்றை நாடவேண்டும். கண்ணில் மஞ்சள் கண்டால் மருத்துவரிடம் ஒரு சொல் நினைவூட்டுவது என் கடமை.

இங்கேதான் மருந்தாளுநருக்கு இக்கட்டு. குடியை விடுவிக்க வந்த இம்மருந்தே பழக்கமாகிவிடக்கூடியது. எட்டாம் நாள் காலையில் சாளரத்தில் நின்று, “ஐயா, நேற்று இரண்டு கொடுத்தீர்கள், இன்று ஒன்றுதானா?” என்று கேட்காதவர் அரிது. “ஆம், நாளை பாதி” என்று சொல்வேன். அவர் முகம் வாடும். பிற இடங்களில் மருந்து தருபவன் நான். இந்த இல்லத்தில் பெரும்பாலும் மருந்தைக் குறைப்பவன். இவ்வகை மருந்துகளைக் கடைகளில் விற்றால் யாருக்கு, யார் எழுதியதன்மேல், எத்தனை கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்று 2013-இல் விதி செய்தார்கள். எங்கள் அலமாரிக்கு இரண்டு பூட்டு. மாலையில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வீட்டுக்குப் போவேன்.

ஒருமுறை கணக்குச் சரியாக இருந்தும் மனம் சரியாக இல்லை. மருந்து சாப்பிட்டும் ஒருவருக்கு நடுக்கம் தணியவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், “வாயைத் திறங்கள், நாக்கைத் தூக்குங்கள்” என்றேன். நாக்கின் அடியில் குளிகை அப்படியே இருந்தது. வேட்டி மடிப்பில் இன்னும் ஐந்து. இரவில் ஒரே மூச்சாகச் சாப்பிட்டால் பழைய மயக்கம் கிடைக்கும் என்று சேர்த்து வைத்திருந்தார். அவரை வெளியேற்ற வேண்டும் என்று ஒரு பணியாளர் சொன்னார். நான் ஒப்பவில்லை. திருடனைப் பிடித்த மகிழ்ச்சி மருந்தறைக்கு ஆகாது. அன்று முதல் எல்லோரும் என் கண்முன்னே விழுங்கி, தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகவேண்டும் என்று முறை வைத்தோம். இரண்டு வார்த்தை பேசுபவர் நாக்கின் அடியில் எதையும் வைத்திருக்க முடியாது. நாளடைவில் அந்த இரண்டு வார்த்தைகளுக்காகவே சிலர் வரிசையில் கடைசியாக நிற்கத் தொடங்கினார்கள். அது நாங்கள் எதிர்பாராதது.

மாணவ நண்பர்களே, இனிச் சொல்லப்போவது உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஒன்று. தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி-1. சென்ற நூற்றாண்டுக்கும் முன், 1890-களில், ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அக்கோழிகளுக்குத் தீனியாகப் போடப்பட்டு வந்தது. பின்பு வந்த சமையற்காரர் இராணுவத்து அரிசியை ஊர்க் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டாராம். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அப்படித் தெரிந்தது. 1926-இல் அதே ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரரை நினைப்பார் இல்லை. நெல்லை ஊறவைத்து அவித்துக் குத்தும் நம் புழுங்கலரிசியில் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

நம் உடலில் இச்சத்து சுமார் 30 மில்லிகிராம்தான் சேமிப்பாக இருக்கும். உணவில் வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். குடிப்பவர் சரியாக உண்பதில்லை. உண்டதிலிருந்தும் இச்சத்தைக் குடல் உறிஞ்சாதபடி மது தடுக்கிறது. சத்துத் தீர்ந்தால் கண்விழி தடுமாறும், கால் தள்ளாடும், சித்தம் குழம்பும். இதனைக் கார்ல் வெர்னிக்கே 1881-இல் விளக்கினார். இதில் உள்ள கொடுமை என்னவென்றால், தள்ளாடி உளறுகிற ஒரு குடிகாரரைக் கண்டால் யாரும் நோய் என்று நினைப்பதில்லை. போதை தெளியவில்லை என்றே நினைக்கிறார்கள். அந்நேரத்தில் தயமின் செலுத்தினால் பலர் மீள்வார்கள். காலம் தவறினால் நினைவு நிலையாக அழியும். காலையில் இட்லி சாப்பிட்டதை நண்பகலில் மறந்துவிடுவார்; ஆனால் கேட்டால் ஏதோ ஒரு விடையைக் கட்டிச் சொல்வார். அவ்வாறு ஆகிவிட்ட ஓர் ஆசிரியர் எங்கள் இல்லத்தில் இருந்தார். ஒவ்வொரு காலையும் என்னிடம் முதன்முறையாகத் தம்மை அறிமுகம் செய்துகொள்வார்.

சோர்ந்து வருகிறவரைக் கண்டதும் குளுக்கோஸ் ஏற்று என்று சொல்வது நம் ஊர் வழக்கம். குளுக்கோஸை உடல் எரித்துப் பயன்படுத்துவதற்குத் தயமின் வேண்டும். இல்லாத வீட்டில் விருந்தாளியை விட்டதுபோல், எஞ்சியிருந்த துளிச் சத்தையும் அது தீர்த்துவிடும். ஆகையால் எங்கள் மருந்தறையில் குளுக்கோஸ் குப்பியைத் தனியாக வெளியே கொடுப்பதில்லை. தயமின் ஊசி மருந்தோடு சேர்த்தே கொடுப்போம். இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, அவசரத்தில், அதை மறவாதிருக்க ஒருவர் வேண்டும்.

இப்போது நான் கூசும் இடத்திற்கு வந்துவிட்டேன்.

டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. இரப்பர்த் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருள் அது. இதை ஒத்த ஒன்றைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமற் போவதை 1937-இலேயே ஓர் அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் குறித்திருக்கிறார். டென்மார்க்கில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தனர். முதலில் தாமே விழுங்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பிறகு விருந்தில் சிறிது மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் எடுத்தது. 1948-இல் அதைக் குடிநோய்க்கு மருந்தாக அறிவித்தார்கள். உடலில் மது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகவும், பிறகு தீங்கற்ற பொருளாகவும் மாறுகிறது. இரண்டாம் மாற்றத்தை இம்மாத்திரை தடுத்துவிடுகிறது, நச்சு தேங்குகிறது. மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கக்கூடும். தொடக்க காலத்தில் மிகப் பெரிய அளவுகளில் கொடுத்துச் சிலர் இறந்தும் போனார்கள். இன்று கொடுக்கும் அளவு மிகக் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். இம்மாத்திரை குடிக்கும் ஆசையைப் போக்குவதே இல்லை. குடித்தால் துன்பம் வரும் என்ற அறிவுதான் மருந்து. அந்த அறிவு இல்லாதவன் வயிற்றில் அது வெறும் நஞ்சு.

இது எனக்குத் தெரியாதிருந்தது என்று சொல்ல மாட்டேன். படித்திருந்தேன். அப்போது நான் இளைஞன். பட்டயம் பெற்று ஒரு சிற்றூர் மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கலாம். நெற்றியில் ஆறாத காயம். “தம்பி, குடியை மறக்கடிக்கிற மாத்திரை இருக்கிறதாமே. சாம்பாரில் பொடித்துப் போட்டால் தெரியாதாமே” என்றார். மருத்துவர் சீட்டு உண்டா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பிலிருந்து பணத்தை அவிழ்த்தார். நெற்றிக் காயத்தைப் பார்த்தேன்; கொடுத்துவிட்டேன். இரக்கத்தால்தான் கொடுத்தேன். கடை முதலாளி கேட்கவும் இல்லை.

ஒன்பதாம் நாள் அவர் கணவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் குடித்திருக்கிறார். முகம் நெருப்பாகச் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து நினைவிழந்துவிட்டார். நான்கு நாள் இருந்து பிழைத்தார். மருத்துவர் உணவில் ஏதேனும் கலந்தீர்களா என்று கேட்டபோது அந்தப் பெண் அழுதுகொண்டே சொல்லிவிட்டார்.

ஓர் ஆண்டு கழித்து அந்த அம்மாளைச் சந்தையில் கண்டேன். என்னைக் கண்டு அவர் கோபிக்கவில்லை. “குடி அப்படியேதான் இருக்கிறது, தம்பி. ஆனால் அன்றிலிருந்து அவர் என் கையால் ஒரு வாய் சோறு தின்றதில்லை. பிள்ளைகளிடமும் அம்மா கொடுப்பதைத் தின்னாதே என்கிறார்” என்று சொல்லிவிட்டுக் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடையை விட்டு நான் இந்த இல்லத்திற்கு வந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. சம்பளமும் ஒரு காரணமே. ஆயினும் சாளரத்தைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கூடை நினைவுக்கு வருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவினால் வரும் மனநோய்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, நோயர் தெரிந்து தரும் இசைவின் பேரிலேயே சிகிச்சை என்று கூறுகிறது. சட்டம் பிறகு வந்தது. எனக்குப் பாடம் முன்பே வந்துவிட்டது.

இன்று எங்கள் இல்லத்தில் டைசல்பிரம் கொடுப்பதென்றால், முதலில் மருத்துவர் ஈரலையும் இதயத்தையும் சோதித்து ஒப்ப வேண்டும். குடித்துப் பன்னிரண்டு மணி நேரமேனும் கழிந்திருக்க வேண்டும். நாங்கள் அதற்கும் மேலே சில நாள் பொறுப்போம். அதன் பிறகு நோயர் என் எதிரில் உட்காருவார். அரை மணி நேரம் நான் அவருக்குச் சொல்வது மதுக்கடையைப் பற்றி அன்று. மதுக்கடைக்கு வெளியே இருக்கும் மதுவைப் பற்றி. இருமல் மருந்துகள் சிலவற்றில் மதுச்சத்து உண்டு. வாய் கொப்பளிக்கும் நீர்களில் உண்டு. ஹோமியோபதித் துளிகள் பல அதிலேயே கரைக்கப்பட்டவை. நம் அரிஷ்டங்களையும் ஆசவங்களையும் எண்ணிப் பாருங்கள். வெல்லமும் மூலிகையும் நொதித்து, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை மதுச்சத்து தானே ஊறியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் மகனைப் பார்க்க வந்தார். முறுக்கு, எள்ளுருண்டை இவற்றோடு ஒரு பெரிய குப்பி அசுவகந்தாரிஷ்டமும் இருந்தது. “பிள்ளை இளைத்துவிட்டான், தெம்புக்கு இரண்டு அவுன்ஸ் கொடுங்கள்” என்றார். அவர் மகன் அன்று காலைதான் மாத்திரை விழுங்கியிருந்தான். அந்தக் குப்பியை நான் வாங்கி வைத்துக்கொண்டு, முறுக்கை உள்ளே அனுப்பினேன். அம்மையார் போகும்போது குப்பியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். விலை கொடுத்து வாங்கியதல்லவா!

மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள பகையையும் நான் பார்க்க வேண்டும். சீதபேதிக்கு நாம் எளிதாக விழுங்கும் மெட்ரோனிடசோல் டைசல்பிரமோடு சேர்ந்தால் சித்தக் கலக்கம் நேரலாம். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் உடலில் தேங்கி நஞ்சாகலாம். இவற்றை எழுதி நோயரின் சட்டைப்பையில் வைக்க ஓர் அட்டை தருகிறோம். வெளியூரில் மயங்கி விழுந்தால் அந்த அட்டையே பேசவேண்டும்.

வேறு இரண்டு மருந்துகளும் இன்று உண்டு. நால்ட்ரெக்சோன் குடியில் வரும் இன்பத்தைக் குறைக்கிறது. அமெரிக்க அரசு 1994-இல் இதைக் குடிநோய்க்கு ஏற்றுக்கொண்டது. அபின் வகை வலி மருந்து சாப்பிடுபவருக்கு இது கூடாது. அக்காம்புரோசேட் ஈரலைத் தொந்தரவு செய்யாது, சிறுநீரகத்தின் வழியே போகும். ஆனால் மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட வேண்டும். மூன்று வேளை என்றால் இரண்டாம் வாரமே ஒரு வேளை தவறும் என்பது என் அனுபவம்.

ஒரு மாதம் கழிந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில், அவர் ஊர் மருந்துக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பேன். ‘இவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள், மதுச்சத்துள்ள இருமல் மருந்து கொடுக்காதீர்கள், மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் வராவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்.’ சிலர் பதில் எழுதுகிறார்கள். இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. மற்றவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. ஆனால் அவர்கள் வீட்டாரில் யாரோ ஒருவர் என்றேனும் ஒரு நாள் ஒரு மருந்துக் கடையின் முன் நின்றிருப்பார். மருந்தியல் பயிலப் போகும் உங்களுள் சிலர் அந்தக் கடைக்கு உள்ளே நிற்பீர்கள்.

சென்ற மாதம் ஓர் அம்மையார் இல்லத்தின் சாளரத்திற்கே வந்து அதே கேள்வியைக் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே சாம்பார். “அம்மா, அவருக்குத் தெரியாமல் நான் தரமாட்டேன். தெரியாமல் நீங்கள் வேறிடத்தில் வாங்கிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அவரை ஒருமுறை அழைத்து வாருங்கள், வரமாட்டார் என்றால் நீங்கள் மட்டுமாவது எங்கள் ஆலோசகரைப் பாருங்கள்” என்றேன். வீண் நடை என்ற முகத்தோடு போனார்.

ஐந்தாம் நாள் இருவருமே வந்தார்கள். கணவர் கட்டட வேலை செய்பவர். விரல்களில் சிமெண்டு காய்ந்திருந்தது. “எனக்குச் சோற்றில் கலந்து கொடுக்கப் பார்த்தாளாம், அந்த மாத்திரை எது? காட்டுங்கள்” என்று கேட்டார். அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம். இன்றைக்கே வீட்டில் இருந்தபடி நிறுத்திவிடுகிறேன்” என்றார். அம்மையாரின் முகம் மலர்ந்தது. நான்தான் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது.

“எத்தனை ஆண்டாகக் குடிக்கிறீர்கள்?”

“பதினெட்டு.”

“காலையில் கை நடுங்குமா?”

அவர் விடை சொல்லவில்லை. அட்டையைப் பிடித்திருந்த கை சொல்லிற்று. “வீட்டில் தனியாக நிறுத்தாதீர்கள், ஐயா. வலிப்பு வரலாம். உள்ளே மருத்துவர் இருக்கிறார்” என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். பிறகு அவர் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மையாரின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதை வாங்கி, அடியில் இருந்த பாலித்தீன் உறையை எடுத்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் பிரித்து வைக்கத் தொடங்கினேன்.